உங்களுக்குத் தெரியுமா? கப்பலில் ‘போரடிக்குது’ என்ற பேச்சுக்கே இடமில்லை!

பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு சொகுசுக் கப்பல் ஏறப் போகிறீர்களா? பொம்மைக்கும் மசியாது, பெரியவர்கள் அரட்டையிலும் உட்காராது என்று கவலையா? விடுங்கள்! இந்த வயசுக்காரர்களை வளைத்துப் பிடிக்கத்தான் கப்பல் கம்பெனிகள் பணத்தைக் கொட்டுகின்றன. படித்துப் பாருங்கள், அசந்து போவீர்கள்!

‘டிஸ்னி ட்ரீம்’ கப்பலில் இரண்டு புகைபோக்கிகள். முன்னால் இருப்பதில் புகையே வராது! உள்ளே என்ன தெரியுமா? 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு மட்டுமான ‘எட்ஜ்’ கிளப்! புகைபோக்கிக்குள் ஆட்டம், பாட்டம், வீடியோ கேம்! எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்?

அதே கப்பலில் 2011-லேயே வந்துவிட்டது ‘அக்வாடக்’. கண்ணாடி மாதிரித் தெரியும் குழாய்க்குள் தண்ணீரோடு தண்ணீராய்ப் பாய வேண்டும். ஓரிடத்தில் குழாய் கப்பலின் பக்கவாட்டைத் தாண்டி வெளியே நீள்கிறது. காலுக்குக் கீழே நேராகக் கடல்தான்! மொத்த நீளம் 765 அடி!

உயிர்காப்புப் படகுகள் என்றால் ஆரஞ்சு நிறம்தானே? டிஸ்னி கப்பல்களில் மஞ்சள்! மிக்கி மவுஸின் ஷூ நிறத்துக்குப் பொருந்த வேண்டுமாம். இதற்காக அமெரிக்கக் கடலோரக் காவல் படையிடம் தனி அனுமதியே வாங்கினார்கள்!

கடலில் ரோலர் கோஸ்டர்! ஆமாம், நிஜமாகவே! 2021-ல் ‘கார்னிவல் மார்டி கிராஸ்’ கப்பலின் உச்சியில் ஓடத் தொடங்கியது ‘போல்ட்’. பைக்கில் உட்காருவது போல உட்கார்ந்து, வேகத்தை நாமே கூட்டலாம், குறைக்கலாம். உச்ச வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர்!

‘நார்வீஜியன் பிளிஸ்’ கப்பலில் இரண்டு அடுக்கு கோ-கார்ட் பந்தயப் பாதை. கார் மணிக்கு 48 கிலோமீட்டர் வரை பறக்கும். கப்பலோ அலுங்காமல் குலுங்காமல் சுமார் 40-ல் போகும். கப்பலைவிடக் கப்பலுக்குள் ஓடும் கார் வேகம்!

2014-ல் வந்த ‘குவாண்டம் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் காற்றைப் பீய்ச்சி ஆளையே அந்தரத்தில் மிதக்க விடுகிறார்கள். விமானமும் வேண்டாம், பாராசூட்டும் வேண்டாம்! அதே கப்பலில் ஒரு கண்ணாடிக் கூண்டு உங்கள் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு மேலே 300 அடி உயரம் போகும்!

இப்போது ராட்சசனைப் பார்ப்போமா? ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம். பெயர் சூட்டியவர் கால்பந்து மன்னன் மெஸ்ஸி! 365 மீட்டர் நீளம், 20 தளங்கள், 7 நீச்சல் குளங்கள், பனிச்சறுக்குத் தளம், தண்ணீர்ப் பூங்காவில் மட்டும் 6 சறுக்குகள்! கப்பலுக்குள்ளேயே மூன்று மாடி வீடு ஒன்று. வெள்ளை வேலி, தபால் பெட்டி, மாடியிலிருந்து இறங்கச் சறுக்கு! போதாக்குறைக்கு, கப்பலிலேயே குடியேறிய ‘ரோவர்’ என்ற கோல்டன் ரிட்ரீவர் நாய்க்குக் கொடுத்த பதவி: தலைமை நாய் அதிகாரி!

அந்தக் காலத்து ‘டைட்டானிக்’கில் குழந்தைகளுக்கென்று விளையாட்டு அறையே கிடையாது! முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சிக் கூடத்தில் மதியம் 1 முதல் 3 மணி வரை அனுமதி. அங்கே ஏறிச் சவாரி செய்ய ஒரு மின்சார ஒட்டகம் இருந்தது!

டைட்டானிக்குக்குப் பிறகு 23 ஆண்டுகளில் எல்லாம் தலைகீழ்! 1935-ல் புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பல் ‘நார்மண்டி’யில் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாட்டு அறை. சுவரெல்லாம் யானை ராஜா ‘பாபர்’! வரைந்தவர் பாபரைப் படைத்த ஜான் த ப்ரூனோஃபே!

‘குவீன் மேரி 2’ கப்பலில் கோளரங்கம் இருக்கிறது. நடுக்கடலில் நட்சத்திரப் பாடம்! அதன் ஊதுகுழல்களில் ஒன்று 1936-ல் ஓடத் தொடங்கிய பழைய ‘குவீன் மேரி’யுடையது. ஊதினால் 10 மைல் தூரம் கேட்கும்!

காசு செலவில்லாத விளையாட்டு வேண்டுமா? இத்தாலியப் பாரம்பரியமுள்ள எம்.எஸ்.சி. கம்பெனிக் கப்பல் லிஃப்ட்டில் 17-ஆம் தளத்துப் பொத்தானைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்கவே கிடைக்காது! இத்தாலியர்களுக்கு 17 ராசியில்லாத எண்!

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. ரப்பர் வாத்து வேட்டை! குட்டி வாத்து பொம்மைகளைப் படிக்கட்டு, ஜன்னல் ஓரம், பூந்தொட்டி என்று ஒளித்து வைக்க வேண்டியது. யார் கண்ணில் படுகிறதோ அவருக்கே சொந்தம். 2018-ல் ஓர் அமெரிக்கச் சிறுமி கப்பலில் விளையாட்டாய்த் தொடங்கியது. இன்று உலகக் கடல்களிலெல்லாம் வாத்து மயம்! எந்தக் கம்பெனி மூளைக்கும் எட்டாததை ஒரு பொடிசு செய்துகாட்டியது!

பெரும்பாலான கப்பல்களில் அறைக் கதவு இரும்பு. காந்தம் ஒட்டும்! நான்கு காந்தப் படங்களை வாங்கிக் கொடுத்தால் கதவு அலங்காரத்திலேயே ஒரு மாலை ஓடிவிடும்.

அபாயச் சங்கு எப்படி ஒலிக்கும்? ஏழு குட்டை ஊதல், ஒரு நீள ஊதல்! இதைப் பிள்ளைக்கு அவசியம் சொல்லிக் கொடுங்கள். கப்பலில் தெரிந்திருக்க வேண்டிய முதல் விஷயமே இதுதான்!

சென்னைக்காரர்களே, உங்களுக்கும் உண்டு! ‘எம்ப்ரஸ்’ கப்பல் 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. அடுத்த ஆண்டு ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையையே தொட்டுவிட்டது! கப்பலின் பிறந்த வருடம் 1990!

ஏறிய முதல் நாளே பிள்ளைகள் கிளப்பில் பெயரைப் பதிந்துவிடுங்கள். நண்பர்கள் சேர்வது முதல் நாளில்தான்! பெரிய சறுக்குகளுக்கும் ரோலர் கோஸ்டருக்கும் உயரம் பார்த்துத்தான் விடுவார்கள். பெட்டி கட்டும் முன் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள்!