கரையும் கறையும்

காஞ்சிப் பட்டு என்றவுடன் கண்முன் தோன்றுவது அதன் கரையே. உடலை ஒரு நிறத்திலும் இருபுறக் கரைகளை வேறு நிறத்திலும் மூன்று நாடாக்களால் நெய்து பிணைப்பதைக் 'கோர்வை' என்பர். அக்கரையைக் கொண்டே கணிப்பொறி நிரல்மொழியின் நுட்பம் ஒன்றை ஈண்டு விளக்கலாம்.

ஒரு பொருள் இன்னின்ன செயல்களை உடையதாக வேண்டும் என வகுக்கும் ஒப்பந்தம் நிரல்மொழிகளில் உண்டு. அதனை ஸ்விஃப்ட் மொழி 'புரோட்டோகால்' என்றும், ஜாவா 'இன்டர்ஃபேஸ்' என்றும், ரஸ்ட் 'டிரெய்ட்' என்றும் வழங்கும். நாம் 'நெறி' என்போம். 'சேலை' என்னும் நெறி, 'கரை' என்னும் செயலை வேண்டுவதாகக் கொள்வோம். தனக்கெனக் கரை வகுக்காத சேலைகளுக்கு வெற்றுக் கரை ஒன்றை நெறியே தந்துவிடலாம். இதுவே இயல்புநிலைச் செயலாக்கம். பழைய நிரல்கள் பழுதுபடாமல் நெறியில் புதிய செயல்களைச் சேர்ப்பதற்காக ஜாவா 2014 இல் இதனை ஏற்று, 'டிஃபால்ட்' என்னும் திறவுச்சொல்லால் குறித்தது. ஸ்விஃப்ட் 2015 இல் ஏற்றது. ஆயின் தனித் திறவுச்சொல் அமைக்கவில்லை.

இவ்வசதியில் ஓர் இடரும் உண்டு. காஞ்சிப் பட்டுக்குச் சரிகைக் கரை வகுக்கப் புகுந்த ஒருவர், 'கரை' என்பதைக் 'கறை' என எழுதிவிடுகிறார் என்க. இயல்புநிலை இல்லையேல், "கரை எங்கே?" எனக் கணிப்பொறி தடுத்திருக்கும். இப்போதோ வெற்றுக் கரையை எடுத்துக்கொண்டு மேற்செல்லும். ஸ்விஃப்ட் சிலபோது எச்சரிக்குமேயன்றிப் பிழையென நிறுத்தாது. சரிகை நெய்தும் சேலையில் சரிகை இராது. எழுதியவர்க்கோ காரணம் விளங்காது.

இதற்குக் காட்லின் மொழி கண்ட தீர்வு, நெறியின் செயலை நிறைவு செய்யும் இடந்தோறும் 'ஓவர்ரைடு' என்னும் திறவுச்சொல்லைக் கட்டாயமாக்கியதாகும். அச்சொல்லோடு 'கறை' என எழுதினால், அப்பெயருடைய செயல் நெறியில் இல்லையென உடனே பிழை காட்டும். ரஸ்ட் மொழியோ, நெறிக்கென வகுத்த பகுதிக்குள் நெறியில் இல்லாத பெயர் புகுவதையே ஏற்காது.

இவ்வேறுபாடு தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. நன்னூலார் புணர்ச்சியை இயல்பு, விகாரம் என இரண்டாக வகுத்தார். பொன்மலை இயல்பு, வாழைப்பழம் விகாரம். பின்னதில் தோன்றிய 'ப்' என்னும் ஒற்று, மாற்றம் நிகழ்ந்ததைக் கண்ணுக்குக் காட்டி நிற்கிறது. 'ஓவர்ரைடு' ஆற்றும் பணியும் அத்தகையதே.

தமிழ்த் திறவுச்சொற்களால் நிரல் எழுதும் 'எழில்' என்னும் மொழியை முத்து அண்ணாமலை படைத்துள்ளார். இத்தகைய முயற்சிகள் விரியுங்கால் 'டிஃபால்ட்' என்பதற்கு 'இயல்பு' பொருந்தும். விகாரம் இன்று அழகின்மையைக் குறித்தலின், 'ஓவர்ரைடு' என்பதற்கு 'மாற்று' தகும். அச்சொற்களை ஆக்கும் பொறுப்பு இலக்கணம் கற்றோர்க்கும் உரியது. ரகர றகர வேறுபாடு தேர்வு மதிப்பெண்ணுக்கு மட்டுமே எனக் கருதும் மாணவர்கள், சரிகை இழந்த அச்சேலையை நினைவிற் கொள்வார்களாக.