செத்துப்போன பொம்மை!

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் குழந்தையோடு போகிறவர்கள் பாடு பெரும்பாடு! கத்தரிக்காய் பைக்குள் விழுமுன்பே, "பொம்மை வேணும்" என்று அழுகை கிளம்பிவிடும்.

கதை சொல்லிப் பொம்மை விற்றால்? அமெரிக்காவில் ஹாஸ்புரோ கம்பெனி அதைத்தான் செய்தது.

அதன் பொம்மைகள் மிருகமாகவும் மாறும். எந்திர மனிதனாகவும் மாறும். அவற்றை வைத்து 1996-ல் "பீஸ்ட் வார்ஸ்" என்ற டெலிவிஷன் தொடர் வந்தது. "மிருகப் போர்" என்று அர்த்தம். கனடாவில் உள்ள வான்கூவர் நகரில், கம்ப்யூட்டரிலேயே படம் தயாரித்தார்கள். புதிதாக ஒரு பாத்திரத்தை உருவாக்க ஏகப்பட்ட செலவு. ஆகவே, பாத்திரங்கள் கொஞ்சம்தான். (அதுவும் நல்லதற்கே! ஒவ்வொருவர் குணமும் மனதில் பதிந்தது.)

வேற்று உலகத்து எந்திரங்கள், இரண்டு கூட்டமாக ஆதிகாலப் பூமியில் வந்து விழுகின்றன. நல்ல கூட்டத்துக்குத் தலைவன் கொரில்லா. கெட்ட கூட்டத்துக்குத் தலைவன் டைனோசர். கெட்டவனை விட்டு நல்லவர் பக்கம் வந்தவன் "டைனோபாட்".

ஆதி மனிதர்களைக் கொன்றுவிட்டால் மனித குலமே இராது அல்லவா? கெட்டவன் அதற்குத்தான் கிளம்பினான். டைனோபாட் தன்னந்தனியாக நின்று போராடினான். அவர்களைக் காப்பாற்றினான். காப்பாற்றிவிட்டுச் செத்தான்!

கடையில் விற்கிற பொம்மையைக் கதையில் சாகடிக்க எந்த வியாபாரிக்கு மனம் வரும்? ஆனாலும், 1998-ல் அந்தக் காட்சி ஒளிபரப்பாயிற்று.

பிற்பாடு, கெட்டவன் டைனோபாட்டைப் போலவே ஒரு போலியைச் செய்தான். அந்தப் போலிக்கும் கடையில் பொம்மை வந்தது!