காதல் கதைக்குள் ஒரு தாய்

காதல் நாவல் என்றதும் நம் கத்தோலிக்க இல்லங்களில் பெற்றோர் முகம் சுளிப்பதுண்டு. பாடநூலின் நடுவே நாவலை மறைத்து வைத்துப் படிக்கும் மகளைக் கண்டுவிட்டால், அதனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுவதே தம் கடமை என எண்ணுவோர் இன்றும் உளர். ஆனால் எல்லா நாவல்களும் ஒரே தரத்தவை அல்ல. பூட்டுமுன் ஒரு முறை படித்துப் பார்ப்பது நலம். அதற்குத் தக்கதொரு நூலைப் பற்றிய நம் கருத்தைக் குடும்பங்களின் முன் வைக்க விழைகிறோம்.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரீன் எழுதிய 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' என்னும் ஆங்கில நாவல் 2012-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2014-இல் ஆங்கிலத்தில் திரைப்படமாயிற்று. 2020-இல் ஏ. ஆர். ரகுமானின் இசையோடு 'தில் பேச்சாரா' என்னும் பெயரில் இந்தியிலும் வந்தது. எனவே நம் இளைஞருக்கு இக்கதை புதியதன்று.

கதைத்தலைவி ஹேசல் பதினாறு வயதுப் பெண். தைராய்டுப் புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவிவிட்டதால், பிராணவாயு உருளையை எங்கும் இழுத்துக்கொண்டே நடக்கிறாள். இண்டியானாபொலிஸ் நகரில், ஓர் ஆலயத்தின் நிலவறையில், புற்றுநோயுற்ற இளைஞர் கூடிப் பேசும் குழுவுக்குத் தாயின் வற்புறுத்தலால் செல்கிறாள். அங்கே, எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்த அகஸ்டஸ் என்னும் பதினேழு வயது இளைஞனைச் சந்திக்கிறாள். இருவரும் அன்பு கொள்கின்றனர். ஹேசல் போற்றும் எழுத்தாளர் ஒருவரைக் காண, அவளுடைய தாயின் துணையோடு ஆம்ஸ்டர்டாம் செல்கின்றனர். இறுதியில் முதலில் மரிப்பவன் அகஸ்டஸே.

நூலாசிரியர் ஒரு காலத்தில் எப்பிஸ்கோப்பல் திருச்சபையில் குருவாக எண்ணியவர். ஒகையோ மாநிலத்தில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் ஆன்ம ஆலோசகருக்கான பயிற்சிப் பணி செய்தவர். சாகும் பிள்ளைகளை அருகிருந்து கண்டவர் என்பதால், அவர்களை எந்நேரமும் புன்னகைக்கும் புனிதர்களாகத் தீட்ட அவர் மறுக்கிறார். அவருடைய பாத்திரங்கள் கோபிக்கின்றன, கேலி பேசுகின்றன, அஞ்சுகின்றன.

நூலில் நாம் ஏற்க இயலாதவையும் உள. ஆம்ஸ்டர்டாமில் இவ்விருவரும் திருமணமின்றி உடலால் இணைவதை ஆசிரியர் குறையாகக் காட்டவில்லை. திருமணத்தைத் திருவருட்சாதனமாகப் போற்றும் நாம் இதனை ஒப்புக்கொள்வதற்கில்லை. ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமி 1942 முதல் 1944 வரை நாசிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்த இல்லத்தில் அவர்கள் முத்தமிடுவதும், சுற்றி நிற்போர் கைதட்டுவதும் நம் மனத்துக்கு ஒவ்வவில்லை. சாவுக்குப்பின் ஏதோ ஒன்று உண்டென அகஸ்டஸ் நம்புகிறான். ஹேசலுக்கோ அந்நம்பிக்கையும் இல்லை. உயிர்த்தெழுதலின் ஒளி இந்நூலில் வீசவில்லை என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆயினும் இந்நூலை விலக்கச் சொல்ல நாம் முன்வரவில்லை. காரணம் உண்டு. மலிவான காதல் கதைகள் அழகையும் ஆசையையும் பாடி நின்றுவிடும். இக்கதையிலோ, நோய் முற்றிய அகஸ்டஸ் நள்ளிரவில் தனியே காரோட்டிச் சென்று, ஒரு பெட்ரோல் நிலையத்தில் வாந்தி எடுத்து, செயலற்றுக் கிடக்கிறான். தன் வீரமெல்லாம் போயிற்றே என்று அழுகிறான். ஹேசல் விரைந்து வந்து, முகம் திருப்பாமல், உதவி வருமளவும் அவனருகே இருக்கிறாள். அன்புக்கு இதுவன்றோ உரைகல்!

இதனினும் மேலாக நம்மைத் தொட்டது ஹேசலின் தாய். தான் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கவிருக்கும் கையெறி குண்டு என்றும், வெடித்தால் சுற்றியிருப்போர் காயமுறுவர் என்றும் ஹேசல் அஞ்சுகிறாள். அவ்வச்சத்திற்கு ஒரு வேர் உண்டு. முன்பு அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சாகுந்தறுவாயில் கிடந்தபோது, இனித் தான் தாயாக இருக்க மாட்டேனே எனத் தாய் விம்மியது அவள் செவியில் விழுந்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் இச்சுமையை அவள் வாய்திறவாமல் சுமக்கிறாள். இறுதியில் அது பேச்சாய் வெளிப்படும்போது, மகள் மறைந்தாலும் தான் அவளுக்குத் தாயே எனத் தாய் உறுதி கூறுகிறாள். தன்னையொத்த குடும்பங்களுக்குத் துணைநிற்கும் பொருட்டுச் சமூகப்பணிப் பட்டமேற்படிப்பைத் தான் மறைவாய்ப் பயின்று வருவதையும் சொல்கிறாள். மகள் மனம் புண்படுமோ என்றே தாய் அதை மறைத்திருந்தாள். மகளோ மகிழ்கிறாள். தனக்குப் பின்னும் பெற்றோர் வாழ்வர் என்பதே அவள் வேண்டிய ஆறுதல்.

நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் நாம், இத்தகைய தாய்மாரை நம் பங்குகளிலும் காண்கிறோம். பிள்ளையின் மருந்து வேளையை மறவார். தாம் உண்டதை மறப்பர். பிள்ளையின் முன் அழக்கூடாதென்று அடுக்களையில் அழுவர். பிள்ளையோ, அம்மா அழுவதை அறிந்தும் அறியாததுபோல் கண் மூடிக் கிடக்கும். ஒருவரையொருவர் காக்க எண்ணி இருவரும் தனித்தனியே துன்புறுகின்றனர். இம்மௌனத்தை உடைக்க இந்நாவல் வழிகாட்டுகிறது.

ஆகவே, பெற்றோரே, உங்கள் மகளின் கையில் இந்நூலைக் கண்டால் சினம் கொள்ளாதீர்கள். அவள் படித்து முடித்தபின் வாங்கி நீங்களும் படியுங்கள். தவறானவற்றைத் தவறென்று அன்போடு எடுத்துரையுங்கள். பின்னர், ஹேசலின் தாயைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள். அவள் பேசட்டும், நீங்கள் பொறுமையாகச் செவிசாயுங்கள்.