கார் உருக்கில் சைக்கிள் செய்யலாமா?

மோட்டார் கார் கதவுக்குள் ஓர் உருக்குச் சட்டம் மறைந்திருக்கிறது. பக்கவாட்டில் வேறு வண்டி மோதினால், உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுவது அதுதான்.

"அவ்வளவு பலமான உருக்கில் சைக்கிள் செய்தால் என்ன? எடை குறையுமே!" என்று கேட்கத் தோன்றும். நல்ல கேள்விதான். பதிலில்தான் சிக்கல்!

150 கிலோ தாங்கும்

பல கார்களில் இந்தச் சட்டத்தின் உருக்கில் துளியளவு போரான் சேர்ந்திருக்கும். அதை 900 டிகிரிக்கு மேல் காய்ச்சி, அச்சில் அழுத்தி, அச்சிலேயே சட்டென்று குளிரவைப்பார்கள். சுவீடன் நாட்டு 'சாப்' கம்பெனி, 1984-ல் தன் 9000 ரகக் காரில் இதை முதன்முதலில் பயன்படுத்தியது. ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள சாதாரண உருக்குக் கம்பி சுமார் 40 கிலோவில் அறுந்துவிடும். இதுவோ 150 கிலோ தாங்கும்!

ஆனால் அறுபடாமல் இருப்பது வேறு, வளையாமல் இருப்பது வேறு. உருக்கு எந்த ரகமானாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். பலம் இருக்கிறதே என்று குழாயை மிகவும் மெல்லியதாக்கினால், பெடலை மிதிக்கும்போது பிரேம் நெளியும். லேசாக இடித்தாலே சொட்டை விழும்.

நெருப்பு செய்யும் வேலை

அதைவிடப் பெரிய ஆபத்து வெல்டிங். பற்றவைக்கும் சூட்டில், பக்கத்து உருக்கு தன் கடினத்தை இழந்துவிடும். காயலான் கடையில் கிடைத்த கதவுச் சட்டத்தை வெட்டி சைக்கிள் பிரேம் செய்தால், பலவீனம் அந்த இணைப்பிலேதான் ஒளிந்திருக்கும். ஓடும்போது ஹாண்டில் அருகே முறிந்தால், ஓட்டுகிறவர் தலைகுப்புற விழவேண்டியதுதான்.

இதற்கு வழி கண்டது இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து 'ரெனால்ட்ஸ்' கம்பெனி. முனையில் தடித்து, நடுவில் மெலிந்த குழாய்க்கு 1897-லேயே காப்புரிமை வாங்கியது. சூடு படும் இடத்தில் சதை அதிகம்! 1935-ல் '531' என்ற சைக்கிள் குழாயைக் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே குழாய் பின்னால் 'ஜாகுவார் ஈ-டைப்' காரின் முன்பக்கச் சட்டத்துக்குப் போனது.

1995-ல் வந்த '853' இன்னும் சாமர்த்தியமானது. பற்றவைத்தபின் காற்றில் ஆறும்போதே இறுகிக் கடினமாகும். நடுவில் அரை மில்லிமீட்டர் கனமே உள்ள குழாய்களும் இதில் உண்டு.

சில சைக்கிள்களில் 'ஹை-டென்சைல்' என்று ஒட்டியிருப்பார்கள். அது கார்க் கதவு உருக்கு அல்ல. குரோமியம், மாலிப்டினம் கலந்த குழாயைவிடப் பலம் குறைந்தது. அதனால் கனமாகச் செய்கிறார்கள். பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக் கடைக்குப் போய்வர அது தாராளமாகப் போதும்.