காயம் ஆறுவதும் இழையம் இறுகுவதும்

கவ்வாத்துக் கத்தி பட்டு விரல் வெட்டுப்பட்டால் சில நாட்களில் காயம் மூடிவிடுகிறது. பல ஆண்டுகள் பாக்கு மென்ற ஒருவருக்கோ வாயை அகலத் திறக்க முடியாமல் போகலாம். இரண்டிலும் தொழிற்படுவது ஒரே வகைக் கலம். அதுவே நாரரும்பர்க் கலம்.

1. நாரரும்பர்க் கலம் என்றால் என்ன?

தொடுப்பிழையத்தில் காணப்படும் இக்கலம், இழையத்துக்கு உறுதியளிக்கும் கொலாஜன் என்னும் புரதத்தைச் சுரக்கும். சாதாரண நிலையில் இது பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

2. காயம் ஆறும்போது நிகழ்வன

அ. குருதி உறைகிறது. குருதிச் சிறுதட்டுகள் வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடுகின்றன.
ஆ. வெண்குழியங்கள் கிருமிகளை அழித்து, மேலும் சைகைகளை அனுப்புகின்றன. இவற்றுள் டி.ஜி.எப். பீட்டா முக்கியமானது.
இ. நாரரும்பர்க் கலங்கள் ஏவப்பட்டுப் பெருகிக் கொலாஜனைச் சுரக்கின்றன. அவற்றுட் சில சுருங்கும் ஆற்றல் பெற்றுக் காயத்தின் ஓரங்களை இழுத்து நெருக்குகின்றன.
ஈ. வேலை முடிந்ததும் சைகை குறைகிறது. கலங்கள் பல இறந்துவிட, ஏனையவை அமைதியடைகின்றன. மிகையான கொலாஜனை நொதியங்கள் உடைக்கின்றன.

மாணவர்கள் பலர் மறந்துவிடுவது நான்காம் படியையே. தொடங்குவதைப் போலவே நிறுத்துவதும் ஒரு சீராக்கமாகும்.

3. நோய் நிலை

பாக்கை நாள்தோறும் மெல்லும்போது வாயின் உட்படலம் ஓயாமல் உறுத்தப்படுகிறது. ஆகவே நிறுத்தும் சைகைக்கு இடமில்லை. பாக்கிலுள்ள அரிக்கோலின் கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுகிறது. அதிலுள்ள செப்பு, கொலாஜன் நார்களைப் பிணைக்கும் நொதியத்தின் தொழிற்பாட்டைக் கூட்டுகிறது. இவ்வாறு இறுகிய இழையமே கலங்களை மீண்டும் ஏவுகிறது. இது ஒரு நச்சு வட்டம்.

காரம் பட்டால் எரிவு, உட்கன்னம் வெளிறித் தடித்தல், வாய் திறப்புக் குறைதல் என்பன இந்நோயின் அறிகுறிகள். சிலரில் இது புற்றுநோயாக மாறக்கூடும். "புகையிலை சேர்க்கவில்லை, வெறும் பாக்குத்தானே" என்பது தவறான எண்ணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2004 இல் வெளியிட்ட தொகுப்பில், பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது.

எல்கடுவ போன்ற தோட்டப்புறங்களில் வெற்றிலை போடுவது பழகிய வழக்கம். உங்கள் வீட்டில் எவருக்கேனும் இவ்வறிகுறிகள் இருந்தால் உடனே பல் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். இறுகிய பகுதி பெரும்பாலும் முற்றாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. எனினும் பாக்கை எவ்வளவு முந்தி நிறுத்துகிறாரோ அவ்வளவுக்கு நல்லது.

4. மாதிரி வினா

வினா: காயம் ஆறிய பின்னரும் நாரரும்பர்க் கலங்கள் தொடர்ந்து ஏவப்பட்டிருந்தால் யாது நிகழும்? உதாரணம் தருக.

விடை: கொலாஜன் மிகையாகச் சேர்ந்து, இழையம் இறுகி, அதன் தொழில் பாதிக்கப்படும். உ+ம்: பாக்கு மெல்வோரின் வாய்ப் படலம் இறுகுதல்.

ஞாபகத்தில் வைத்திருக்க: ஏவல், சுரத்தல், சுருங்கல், அடங்கல். கடைசிச் சொல்லை விட்டால் அது நோய்.