ஃப்ரீலான்ஸ் ஓவியரும் ஒரு படப் புத்தகமும்

ஒரே இடத்தில் சம்பளத்துக்கு இராமல் பத்திரிகை, பதிப்பகம், விளம்பர நிறுவனம் என்று கேட்பவர்களுக்கு வரைந்து தருபவர் ஃப்ரீலான்ஸ் ஓவியர். வாசகர் கண்ணில் படுவது அச்சான படம் மட்டுமே. ஓவியரின் நாட்களில் பெரும்பகுதியோ அதற்கு முன்பே, படிப்பதிலும் ரஃப் எனும் பென்சில் முன்வரைவு போடுவதிலும் போய்விடுகிறது. சிறுவர் படப் புத்தகம் ஒன்று உருவாகும் விதத்தைக் கவனித்தால் இது விளங்கும்.

கைப்பிரதி வந்ததும் யாரும் தூரிகையை எடுப்பதில்லை. நாலைந்து தடவை படித்து, எந்தக் கணத்தை வரைவது என்று முடிவுசெய்ய வேண்டும். இந்தத் தொழிலின் உயிரே இதில்தான் இருக்கிறது. பாட்டி கிணற்றில் வாளியை இறக்கினாள் என்று கதை சொன்னால், அதையே வரைவது எழுத்தைத் திருப்பிச் சொல்வதாகிவிடும். வாளி தண்ணீரைத் தொடுவதற்கு முன், உள்ளே நிழலாடும் இரண்டு தலைகளை வரைந்தால், பேத்தியும் எட்டிப் பார்க்கிறாள் என்பது எழுதாமலே தெரிந்துவிடும்.

பிறகு பாத்திரங்கள். அந்தப் பேத்தியை முன்னிருந்து, பக்கவாட்டில், முதுகுப்புறமாக, சிரிக்கையில், அழுகையில் என்று ஒரு தாள் நிறைய வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்கிறார்கள். முதல் பக்கத்தில் இரட்டைச் சடையும் பத்தாம் பக்கத்தில் ஒற்றைச் சடையும் இருந்தால் குழந்தைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தொடர்கதைக்கு வரைபவருக்கு இந்தப் பொறுப்பு இன்னும் கனமானது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது அதற்கு வரைந்தவர் மணியம். அந்தக் கதையின் வந்தியத்தேவன் என்றதும் இன்றும் பலர் மனத்தில் எழுவது அவர் கொடுத்த முகம்தான்.

படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் அச்சிட்டு மடித்து வெட்டும் முறையால் வந்த கணக்கு அது. எட்டு வெள்ளைத் தாள்களை ஒன்றாக அடுக்கி, இரண்டாக மடித்து, நடுவில் பின் அடித்தால் 32 பக்க டம்மி தயார். அதில் பென்சிலால் கிறுக்கி, புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும். நடு மடிப்பில் யாருடைய முகமாவது சிக்குகிறதா? அடுத்த பக்கத்தில் வரவேண்டிய ஆச்சரியம் இந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறதா? எழுத்துக்கு இடம் இருக்கிறதா? சென்னையின் தூலிகா போலப் பல மொழிகளில் வெளியிடும் பதிப்பகத்துக்கு வரையும்போது கடைசிக் கேள்வி முக்கியமானது. ஒரே படத்தின் மேல் தமிழும் இந்தியும் ஆங்கிலமும் மாறி மாறி உட்காரும். ஒரு மொழியில் இரண்டு வரியில் முடிவது இன்னொன்றில் மூன்றாகும். கடைப் பலகை எழுத்துகளைப் படத்தோடு சேர்த்து வரைந்துவிட்டால் மொழிக்கு மொழி திருத்த வேண்டிவரும்.

ரஃப் ஒப்புதலான பிறகே மையும் வண்ணமும். திருத்தங்களை இந்தக் கட்டத்திலேயே கேட்டு முடித்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. பென்சில் கோட்டை அழிக்க ஒரு நிமிடம் போதும், முடித்த பக்கத்தை மாற்ற ஒரு வாரம் ஆகலாம். தாளில் வரைந்து ஸ்கேன் செய்தாலும் டேப்லெட்டில் வரைந்தாலும், அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, வேண்டும். வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாதிருக்க ஓரங்களில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்ட வேண்டும். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சை நான்கு வண்ண அச்சில் மங்கும் என்பதால் அனுபவசாலிகள் மாதிரி அச்சு கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை முன்பணம், ரஃப் முடிந்ததும் ஒரு பங்கு, மீதி கடைசியில் என்று பிரித்து வாங்குவதே பாதுகாப்பு. எத்தனை முறை திருத்தம் என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். இளம் ஓவியர்கள் பலர் கோட்டைவிடுவது உரிமையில்தான். பணம் கொடுத்து வரையவைத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. வாய்ப்பேச்சை நம்பி வரைந்தவரின் படம் பிறகு டி-ஷர்ட்டிலும் நாட்காட்டியிலும் வந்தால் அவருக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம். எனவே புத்தகத்துக்கு மட்டும், இத்தனை ஆண்டுகளுக்கு, இந்த மொழிகளில் என்று எழுத்தில் வாங்குவது அவசியம். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆவது பிரிவு கொள்கிறது. உரிமை கைமாறிய பிறகும், இதை வரைந்தவர் நான் என்று கோரும் உரிமை 57ஆவது பிரிவின்படி ஓவியரிடமே இருக்கும்.