ஒன்பதாவது டீம்



போன வாரம் மைதானத்தில் எங்க கோ-கோ டீமுக்குள் ஒரே சத்தம். சண்டை எல்லாம் இல்லை. ஒரு செய்தி வந்தது, அவ்வளவுதான். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளி இந்த வருஷம் மேல்நிலைப் பள்ளி ஆகிவிட்டது. அதனால் 19 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் அவர்களும் நம் குறுவட்டத்தில் ஆட வருகிறார்கள். இதுவரை 8 டீம். இனிமேல் 9.

“நாமளே இந்தத் தடவைதான் செமி ஃபைனல் போவோம்னு நினைச்சிட்டிருக்கோம். இப்பப் போய் இவங்க எதுக்கு?” என்றாள் ஒருத்தி. நானும் அதைத்தான் நினைத்தேன். மறைக்கவில்லை.

பி.டி. சார் சிரித்துக்கொண்டே ஒரு குச்சியை எடுத்தார். “வாங்கம்மா, உட்காருங்க. புதுசா ஒரு டீம் வந்தா என்ன ஆகும்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்” என்று மண்ணில் கோடு போட ஆரம்பித்தார். அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மண்ணில் போட்ட கணக்கு

நாக் அவுட்டில் ஒரு மேட்சுக்கு ஒரு டீம் வெளியே போகும். கடைசியில் ஒரு டீம் மட்டும் நிற்கும். அதனால் 8 டீம் என்றால் 7 மேட்ச், 9 டீம் என்றால் 8 மேட்ச். ஒரே ஒரு மேட்ச்தான் கூடுகிறது. இதில் என்ன பிரச்சினை என்று கேட்கிறீர்களா?

பிரச்சினை ‘பை’யில் இருக்கிறது. நாக் அவுட் அட்டவணை 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போனால்தான் சரியாக அமையும். 8 டீம் அழகாக உட்காரும். யார் ஜெயித்தாலும் மூன்று மேட்சில் கோப்பை. ஒன்பதாவது டீம் வந்தவுடன் 16-க்குத் தாவ வேண்டும். 16-லிருந்து 9 போனால் 7. அந்த 7 டீமுக்கும் முதல் சுற்றில் ஆட்டமே கிடையாது, ‘பை’. மீதி இரண்டு டீம் மட்டும் முதலில் மோத வேண்டும். அந்த இரண்டில் ஒன்று கோப்பை வாங்க நாலு மேட்ச் ஜெயிக்கணும். யார் அந்த இரண்டு டீம்? சீட்டுக் குலுக்கல்தான் சொல்லும்!

சரி, லீக் வைக்கலாமே? எல்லோரும் எல்லோரோடும் ஆட 8 டீமுக்கு 28 மேட்ச். 9 டீமுக்கு 36. ஒரு மேட்சுக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தால், 28 மேட்சுக்கு 21 மணி நேரம், 36 மேட்சுக்கு 27 மணி நேரம். இருப்பது ஒரு மைதானம். வெயிலோ சொல்லவே வேண்டாம், இது விருதுநகர் மாவட்டம்!

ஒரு டீம் சேருவது என்றால் ஒரு டீம் மட்டும் கூடுவது இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நேரம், மைதானம், நடுவர், பஸ் காசு, சாப்பாடு எல்லாம் சேர்ந்து கூடுகிறது. பெரிய பெரிய கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இதே கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு முழிக்கின்றன.

நம்ம ஊர்க் கல்லூரிகளின் கதை

விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-லும், சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-லும் தொடங்கியவை. அப்போது அவை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 1966-ல் மதுரையில் பல்கலைக்கழகம் வந்ததும் மதுரைப் பக்கம் வந்தன. இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதுதான். 1990-ல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறந்தது. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கல்லூரிகள் அந்தப் பக்கம் போயின.

இதற்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகள் முதலில் தங்களுக்குள் ஆடும். அதில் நன்றாக ஆடுகிறவர்களைப் பொறுக்கி எடுத்து, பல்கலைக்கழகத்துக்கு ஒரே ஒரு டீம் அமைப்பார்கள். எத்தனை கல்லூரி இருந்தாலும் வாலிபால் டீமில் 12 பேருக்குத்தான் இடம். புதிதாக ஒரு பல்கலைக்கழகம் வந்தால் அங்கே இன்னொரு 12 பேருக்கு இடம் கிடைக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் ஒரு பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம், 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அப்படி ஆகும் எந்தக் கல்லூரியும் பழைய கல்லூரிகளோடு ஆடும் வட்டத்தை விட்டு வெளியே வருகிறது. சொந்தப் பெயரில், தனி டீமாக, பல்கலைக்கழகங்களுக்கு நடுவே போய் நிற்கிறது. முன்பு பல கல்லூரிகளோடு போட்டி போட்டு ஒருவரோ இருவரோ பல்கலைக்கழக டீமில் இடம் பிடித்திருப்பார்கள். இப்போது முழு டீமும் அவர்களுடையது. ஆனால் எதிரே நிற்பவர்களும் பெரிய ஆட்கள். லாபமும் உண்டு, கஷ்டமும் உண்டு!

பல்கலைக்கழகங்களுக்கு இடையே போட்டி நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925-ல் வேறு பெயரில் தொடங்கி, 1973-லிருந்து இந்தப் பெயரில் இருக்கிறது. நாடு முழுக்க இருந்து எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து ஆட முடியுமா? அதனால் தெற்கு, வடக்கு, கிழக்கு, மேற்கு என்று மண்டலம் பிரித்திருக்கிறார்கள். பல குழு விளையாட்டுகளில் கால் இறுதி வரை நாக் அவுட். அதில் ஜெயித்து வரும் நாலு டீம் மட்டும் தங்களுக்குள் லீக் ஆடும். நேரமும் மிச்சம், கடைசிக் கட்டத்தில் குருட்டு அதிர்ஷ்டமும் குறைவு. ‘நாக் அவுட் கம் லீக்’ என்று இதற்குப் பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

அமெரிக்காவில் நடந்த கூத்து

அங்கே பல்கலைக்கழகங்கள் தாங்களே கூட்டமைப்பு வைத்துக்கொள்கின்றன. யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்காமல் விடுவது என்று உறுப்பினர்களே முடிவு செய்வார்கள். ‘பிக் டென்’ என்று ஒரு கூட்டமைப்பு. 1896-ல் 7 பல்கலைக்கழகங்களோடு தொடங்கியது. பெயரில் டென், அதாவது பத்து. 2024-ல் மேற்குக் கடற்கரையிலிருந்து 4 பல்கலைக்கழகங்கள் வந்து சேர்ந்தன. இப்போது மொத்தம் 18! பெயரை மட்டும் மாற்றவில்லை.

எதற்கு இவ்வளவு ஆசை? டிவி ஒளிபரப்புப் பணம். ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் மாணவர்கள் ஒரு மேட்ச் ஆட ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தாண்டி நியூ ஜெர்சி வரை போக வேண்டியிருக்கிறது. கிளாஸ் என்ன ஆகும், பரீட்சை என்ன ஆகும் என்று அங்கேயும் கேட்கிறார்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். அவர்கள் விட்டுவிட்டு வந்த ‘பேக் 12’ கூட்டமைப்பில் 2024-ல் மிஞ்சியது இரண்டே இரண்டு பல்கலைக்கழகம். அவர்கள் ஊர்க் கால்பந்தின் மேல்நிலைப் பிரிவில் ஒரு கூட்டமைப்பு நிலைக்க வேண்டும் என்றால் குறைந்தது 8 உறுப்பினர் வேண்டுமாம். உடனே புது ஆள் தேட ஆரம்பித்தார்கள். 2024 செப்டம்பரில் முதல் நாலு பேரை அழைத்தார்கள். 2025 ஜூன் கடைசியில்தான் டெக்சாஸ் ஸ்டேட் என்ற பல்கலைக்கழகம் எட்டாவதாகக் கிடைத்தது. நமக்கு ஒன்பதாவது டீம் தலைவலி. அவர்களுக்கு எட்டாவது டீம் கிடைக்காதது தலைவலி!

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது: புது டீமைச் சேர்க்கும்போது எல்லோரும் முதலில் “நமக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்கிறோம். “எத்தனை பேருக்கு ஆட்டம் கிடைக்கும்?” என்ற கேள்வி ரொம்ப லேட்டாகத்தான் வருகிறது.

அந்த அக்கா

அந்தப் பள்ளிக்கூடத்தை எனக்கு முன்பே தெரியும். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, 17 வயதுப் பிரிவில் எங்களை அவர்கள்தான் தோற்கடித்தார்கள். அவர்கள் டீமில் உயரமாக ஓர் அக்கா. போஸ்ட்டைப் பிடித்துத் திரும்பினால் கண் தெரியாது, அவ்வளவு வேகம். மேட்ச் முடிந்ததும் எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்து, “நல்லா ஓடுற, டைவ் மட்டும் பழகு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் அப்போது பத்தாம் வகுப்பு. ஊரில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. அடுத்த ஊருக்கு பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அம்மா விடியற்காலையிலேயே வேன் ஏறி பட்டாசு ஆபீஸுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் தம்பி சின்னவன். போன வருஷம் முழுக்க அந்த அக்கா வீட்டில் உட்கார்ந்து காகிதக் குழாய் சுத்தினார்களாம். போஸ்ட்டைப் பிடித்த அதே கை.

இப்போது உள்ளூரிலேயே பதினொன்றாம் வகுப்பு வந்துவிட்டது. அந்தப் பள்ளி டீச்சர் வீட்டுக்கே போய்ப் பேசியிருக்கிறார். அக்கா சேரப் போகிறார்கள் என்றும் சொல்கிறார்கள், வீட்டில் இன்னும் யோசிக்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள். அவர்கள் சேர்ந்தால் எங்களுக்குத்தான் கஷ்டம். செமி ஃபைனல் கனவு அம்போதான். இருந்தாலும் அவர்கள் சேர வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

சார் சொன்ன வழி

அன்றைக்கு சார் கடைசியாக மண்ணில் மூன்று வட்டம் போட்டார். ஒரு வட்டத்துக்கு மூன்று டீம். வட்டத்துக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆடினால் மூன்று மேட்ச். மூன்று வட்டத்துக்கு 9 மேட்ச். முதலில் வரும் மூன்று டீமும் தங்களுக்குள் இன்னொரு 3 மேட்ச். மொத்தம் 12 மேட்ச், 9 மணி நேரம். இரண்டு நாளில் முடியும்!

இதில் விசேஷம் என்ன தெரியுமா? எந்த டீமும் ஒரே மேட்சோடு மூட்டை கட்டாது. தோற்றாலும் இரண்டு மேட்ச் உறுதி. எட்டு டீமை இப்படிச் சமமாக மூன்று வட்டமாகப் பிரிக்கவே முடியாது. ஒன்பதாவது டீம் வந்ததால்தான் முடிகிறது.

“உடற்கல்வி ஆசிரியர்கள் கூட்டத்துல கேட்டுப் பார்க்கிறேன். ஒத்துக்குவாங்களான்னு தெரியாது. நீங்க பிராக்டிஸை விட்டுடாதீங்க” என்றார் சார்.

நாங்கள் விடவில்லை. நான் டைவ் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு கேள்வி: 11 டீம் ஆடும் நாக் அவுட்டில் மொத்தம் எத்தனை மேட்ச்? எத்தனை டீமுக்கு ‘பை’? விடையைத் தாளில் எழுதி இதழ்ப் பெட்டியில் போடுங்கள். சரியான விடை அடுத்த இதழில்!

– பதினொன்றாம் வகுப்பு மாணவி, பள்ளி கோ-கோ அணி